அத்தியாயம் 7: போனை நடுவில் வைத்துப் பேசுவது

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருப்பவர் ஒரு பாக்கியைப் பற்றிப் பேசக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் அன்றைய கூலி போச்சு. பேச வேண்டிய ஆள் அன்று ஊரில் இல்லை என்றால் இன்னொரு நாளும் போச்சு. மூன்றாவது முறை "போனால் போகட்டும்" என்று தோன்றிவிடும். பஸ் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்தே பலர் தங்களுக்கு வர வேண்டிய பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

அந்த அலைச்சலில் பெரும்பகுதியைப் போனிலேயே முடிப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். புதிய ஆப் எதையும் வாங்க வேண்டாம். வாட்ஸ்அப், கேமரா, கூகுள் ஃபார்ம், அரசின் சில இணையதளங்கள், ஏழெட்டு இலவச எண்கள் போதும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு போவோம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை. கரியாலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் 12 டன் மரவள்ளிக் கிழங்கை வியாபாரியிடம் ஏற்றிவிட்டார். பேச்சு, டன்னுக்கு ஒரு பாயிண்ட்டுக்கு 300 ரூபாய். (மாவுச்சத்து அளவைத்தான் பாயிண்ட் என்கிறோம், ஜவ்வரிசி ஆலையில் அளப்பார்கள்.) அதே காட்டில் முந்தின வாரம் வெட்டிய லோடுக்கு 26 பாயிண்ட் வந்தது. இந்த லோடுக்கு 24 தான் என்கிறார் வியாபாரி. விவசாயி கணக்குப்படி 93,600 ரூபாய். வியாபாரி கணக்குப்படி 86,400. கொடுத்தது 60,000. இடையில் நிற்பது 7,200 ரூபாய். வக்கீல் வைக்கும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை. விட்டுவிடும் அளவுக்குச் சின்னத் தொகையும் இல்லை. போன் உதவுவது இந்த மாதிரித் தகராறில்தான்.

முதல் வேலை: எது பேசித் தீர்க்கக் கூடாதது?

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளைத் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. பெண்கள் மீதான வன்முறை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், குழந்தைத் திருமணம், சாதி வன்கொடுமை, கொத்தடிமை வேலை ஆகிய எதையும் ஊர்ப் பஞ்சாயத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ "சமாதானம்" பேசக் கூடாது. அப்படிப் பேசி வைக்கிறவர்களும் சட்டத்தில் மாட்டலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. பணம், பொருள், கணக்கு, வேலி, பாதை, பாக்கி போன்றவற்றுக்கு மட்டும் இந்த அத்தியாயம்.

படி 1: சீட்டுகளைப் போனுக்குள் கொண்டுவருவது

பேச்சை ஆரம்பிக்கும் முன் இதை முடியுங்கள். பேச்சு சூடான பிறகு சீட்டுத் தேடுகிறவர் தோற்பார்.

1. எடைமேடை ரசீதைக் கையில் வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். சில ரசீதுகளில் எழுத்து நாளாக நாளாக மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நான்கு மூலையும் தெரிய வேண்டும். லாரி எண்ணும் தேதியும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

2. யுபிஐ-யில் வந்த பணத்துக்கு ஆப்பில் உள்ளே போய்ப் பரிவர்த்தனை எண் தெரியும் பக்கத்தை எடுத்து வையுங்கள். "பணம் வந்தது" என்று பச்சை டிக் மட்டும் தெரியும் படம் பிறகு உதவாது.

3. வாட்ஸ்அப்பில் "மறையும் செய்திகள்" வசதி அணைந்திருக்கிறதா பாருங்கள். பிறகு எதிராளியோடு நடந்த உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

4. ரொக்கமாகக் கொடுத்ததும் வாங்கியதும் நோட்டில் இருந்தால், அந்தப் பக்கத்தோடு முன்பின் பக்கங்களையும் எடுங்கள். ஒற்றைப் பக்கம் நேற்று எழுதியது போலத் தெரியும்.

5. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள்.

பொதுவான தவறு: ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மூலச் செய்தியை அழிப்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்றிதழ் கேட்கிறது. எந்தப் போனில், எப்படி உருவான பதிவு என்று அதில் சொல்ல வேண்டும். போனை விற்றுவிட்டால் அந்தச் சான்றிதழே சிக்கலாகிவிடும். தகராறு முடியும் வரை பழைய போன் பெட்டியில் கிடக்கட்டும்.

படி 2: ஒரே பக்கக் கணக்கு

நீங்கள் கேட்பது என்ன, எப்படி அந்தத் தொகை வந்தது என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தட்டச்சு வராதவர்கள் போனின் கீபோர்டில் மைக் படத்தை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுதும். எண்களை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். "பதினேழு" சில சமயம் "எழுபது" ஆகிவிடும்.

உங்களுக்கு எதிரான சங்கதியையும் எழுதிவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில், கிழங்கு வெட்டிய பிறகு லாரி வர ஒரு நாள் தாமதமானது. மரவள்ளி வெட்டிய இரண்டு மூன்று நாளிலேயே கெடத் தொடங்கும் பயிர். பாயிண்ட் குறைந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். லாரியை அனுப்ப வேண்டியவர் யார்? தகராறின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கணக்கை எழுதி உட்கார்ந்தால்தான் அது கண்ணில் படும். கோபத்தில் பேசினால் "24-ஆ 26-ஆ" என்பதிலேயே நிற்போம்.

ஏஐ செயலிகளிடம் கடிதம் எழுதித் தரச் சொல்லலாம். வாக்கியம் நன்றாகவே வரும். ஆனால் அவை சொல்லும் சட்டப் பிரிவு எண்களை அப்படியே நம்பி அனுப்பாதீர்கள், இல்லாத பிரிவையும் தைரியமாகச் சொல்லும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் அதற்குள் போடவே கூடாது.

படி 3: பேச்சு முறிந்தால் என்ன செய்வேன்?

பேரம் பற்றிய புத்தகங்களில் நூறு பக்கம் வரும் விஷயத்தை ஒரு வரியில் சொல்கிறேன்: பேச்சு முறிந்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அதைவிட நல்லதாக வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள்.

நம் விவசாயி கேட்பது 33,600. வியாபாரி தர ஒப்புவது 26,400. முழுத் தொகைக்காக நான்கு முறை கீழே இறங்கினால் நான்கு நாள் கூலியும் பஸ் காசும் போகும்; அடுத்த பருவத்துக்கு வேறு வியாபாரி தேட வேண்டும். எல்லாம் கழித்துப் பார்த்து 29,500-க்குக் கீழே போக மாட்டேன் என்று முடிவு செய்கிறார். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மடித்து வைக்கிறார். அதை வீட்டில் ஒருவருக்குத் தெரியப்படுத்தலாம், வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. அங்கே போட்ட ரகசியம் சங்கராபுரம் சந்தை வரை போய்விடும்.

படி 4: முதல் செய்தி

பெரும்பாலான பேச்சு முறிவது இங்கேதான். இப்படி எழுதாதீர்கள்:

"யோவ், என் காசை எப்ப தருவ? ரெண்டு நாள்ல வரலேன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துருவேன்."

இது கணக்குத் தகராறு. போலீஸ் இதில் வசூல் செய்து தராது. மிரட்டல் செய்தி நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"அண்ணே வணக்கம். போன மாசம் ஏத்துன 12 டன் கிழங்குக் கணக்கு பத்திப் பேசணும். என் கணக்கும் ரசீது போட்டோவும் கீழ அனுப்பிருக்கேன். எனக்கு 26 பாயிண்ட்னு தோணுது, நீங்க 24ங்கறீங்க. ஆலைச் சீட்டு இருந்தா போட்டோ அனுப்புங்கண்ணே, பாத்துக்கறேன். வியாழக்கெழம சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடவா?"

வணக்கம் உண்டு, கணக்கு உண்டு, ஒரே ஒரு கேள்வி, ஒரு நேரம். பதில் வந்தால் பெரும்பாலும் "பாக்கி இருக்கு, இல்லேங்கல" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வரி உங்களுக்குத் தங்கம். பத்திரமாக வையுங்கள்.

குறிப்பு: இரவு பத்து மணிக்கு மேல் தகராறுச் செய்தி அனுப்பாதீர்கள். எழுதி வைத்துக்கொண்டு காலையில் ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு இது தானாகவே நடக்கிறது. ஒரு வகையில் நல்லதுதான்.

படி 5: நடுவர், குழு அழைப்பு

இருவரும் நேரடியாகப் பேசி முடியவில்லை என்றால் மூன்றாமவர் வேண்டும். ஊர்க்கவுண்டர், பள்ளி ஆசிரியர், சுய உதவிக் குழுத் தலைவி, இரு தரப்பையும் அறிந்த இன்னொரு விவசாயி என்று யாராக இருந்தாலும் சரி. இருவரிடமும் கடன் வாங்காதவராக இருந்தால் போதும். 2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் இணையவழி மத்தியஸ்தத்துக்கும் சமூக மத்தியஸ்தத்துக்கும் இடம் வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகிறது. நாம் பேச அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

1. மூவர் மட்டும் உள்ள தனிக் குழுவை நடுவர் தொடங்கட்டும். உறவினர்கள் வேண்டாம். எட்டுப் பேர் உள்ள குழுவில் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

2. நேரத்தை முதல் நாளே சொல்லுங்கள். சிக்னல் எங்கே கிடைக்கும் என்று பார்த்து அங்கே போய் உட்காருங்கள். வீடியோ திக்கினால் உடனே சாதாரண கான்ஃபரன்ஸ் காலுக்கு மாறுங்கள். பாதி காதில் விழுந்த வார்த்தைதான் புதிய சண்டையைக் கிளப்பும்.

3. அழைப்பின் தொடக்கத்தில் "உங்க பக்கத்துல யார் இருக்காங்க?" என்று நடுவர் இருவரையும் கேட்க வேண்டும். பேசுகிறவர் பெண், போன் வீட்டு ஆண்களுடையது என்றால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். தேவையானால் நடுவர் அவரைத் தனியாக வேறு நேரத்தில் கூப்பிடலாம்.

4. பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சமாதானப் பேச்சில் ஒருவர் இறங்கி வந்து சொன்னதைத் திருட்டுத்தனமாகப் பதிந்து ஊருக்குக் காட்டினால், அடுத்த முறை யாரும் உங்களோடு மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

5. ஒருவர் பேசி முடித்ததும் நடுவர் அதைத் திருப்பிச் சொல்லி, "இதானே?" என்று கேட்க வேண்டும். போனில் முகம் தெரியாததால் இந்த ஒரு வேலையை மட்டும் விடவே கூடாது.

எண்ணில் முட்டிக்கொண்டால்: துண்டும் கூகுள் ஃபார்மும்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு எண் தெரியாது. அதனால் ஏறவும் இறங்கவும் கூச்சம் இல்லை. 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் சைபர்செட்டில் என்ற நிறுவனம் காப்பீட்டுத் தகராறுகளுக்கு இதே வேலையைக் கணினியில் செய்தது. இரு தரப்பும் மறைவாக எண் போடுவார்கள். இரண்டும் நெருங்கினால் மட்டும் கணினி சொல்லும். நம்மூர்த் துண்டைக் கணினிக்குப் போர்த்தியது போலத்தான்.

நீங்களும் செய்யலாம்:

1. நடுவர் கூகுள் ஃபார்மில் இரண்டே கேள்வி போடட்டும்: பெயர், தொகை. விவசாயி தான் ஒப்புக்கொள்ளும் மிகக் குறைந்த தொகையைப் போடுவார். வியாபாரி தான் தரத் தயாரான மிக அதிகத் தொகையைப் போடுவார்.

2. விதியை முன்பே குழுவில் எழுதுங்கள்: வியாபாரியின் எண் விவசாயியின் எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் நடுத்தொகையே முடிவு. குறைவாக இருந்தால் "சேரவில்லை" என்று மட்டும் நடுவர் சொல்வார். எண்ணைச் சொல்ல மாட்டார்.

3. மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம்.

விவசாயி 29,500 போடுகிறார், வியாபாரி 30,500 போடுகிறார் என்றால் 30,000 ரூபாயில் முடிந்தது. பதில்கள் நடுவரின் கணக்கில் மட்டும் தெரிய வேண்டும். ஃபார்மில் "பதில்களின் சுருக்கத்தைக் காட்டு" என்ற வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மறந்தால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஃபார்ம் வராத நடுவர் என்றால் இருவரும் அவருக்குத் தனித்தனியாக எஸ்எம்எஸ் அனுப்பினாலும் இதே வேலை நடக்கும்.

படி 6: முடிவை எழுதுவது

போனில் பேசி முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: யார் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வழியில். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். அடுத்த லோடுக்கு என்ன முறை என்பதும் வரட்டும்: லாரி தாமதமானால் குறையும் பாயிண்ட் வியாபாரி பொறுப்பு, ஆலைச் சீட்டு அன்றே வாட்ஸ்அப்பில் வர வேண்டும். என்னைக் கேட்டால் 30,000 ரூபாயைவிட இந்தக் கடைசி வரிதான் பெரிய லாபம்.

எழுதியதை நடுவர் அழைப்பில் உரக்கப் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவருக்கு வாய்ஸ் மெசேஜாகவும் போகட்டும். இருவரும் கையெழுத்திட்ட தாளின் போட்டோ குழுவில் வர வேண்டும். தாள் நடுவரிடம் இருக்கட்டும். இது ஒரு ஒப்பந்தம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகிவிடாது. தீர்ப்பின் பலம் வேண்டுமானால் அடுத்த பகுதியில் வரும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) போக வேண்டும்.

மசியாவிட்டால்: எந்தக் கதவைத் தட்டுவது?

தவறான கதவைத் தட்டி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் அதிகம். தகராறின் வகையைப் பார்த்துத் தட்டுங்கள்.

*நீங்கள் வாங்கிய பொருள், சேவை.* மோட்டார், போன், விதை, உரம் எதுவானாலும் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள். அதில் முடியவில்லை என்றால் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு. 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்தே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க" என்று கடைக்காரர் சொன்னால் அசராதீர்கள்.

*நீங்கள் விற்ற பொருள்.* நம் கிழங்குக் கதை இங்கே வரும். 1915 உதவாது, இதில் நீங்கள் நுகர்வோர் இல்லை. 15100 என்ற சட்ட உதவி எண்ணையோ, கள்ளக்குறிச்சி நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவையோ அணுகி, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே லோக் அதாலத்தில் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். சட்ட உதவிக்கு தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் தளத்திலும் விண்ணப்பிக்கலாம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர் என்பதால், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். பட்டியல் சாதியினருக்கும் எல்லாப் பெண்களுக்கும் அப்படியே. லோக் அதாலத் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் மேல்முறையீடு இல்லை. ஆகவே அங்கே கையெழுத்துப் போடும் முன் மடித்து வைத்த அந்தத் தாளை ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.

*சுய உதவிக் குழுவாகச் சாமை அரிசியோ புளியோ பக்குவம் செய்து விற்பவர்கள்.* உத்யம் பதிவு (சிறு தொழில் பதிவு) இலவசம். அது இருந்தால் 45 நாளுக்கு மேல் இழுக்கும் பாக்கிக்கு அரசின் இணையதளத்தில் மனுப் போடலாம். பதிவு விற்பனைக்கு முன்பே இருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு பதிய ஓடுவது வீண்.

*வங்கி.* முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் தளம். உதவிக்கு 14448. கட்டணம் இல்லை. பணத்தை யாரோ ஏமாற்றி எடுத்துவிட்டால் இந்த வரிசையை மறந்துவிட்டு அந்த நிமிடமே 1930-ஐக் கூப்பிடுங்கள். மறுநாள் காலை வரை தள்ளினால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

*அரசு அலுவலகம் இழுத்தடித்தால்* 1100, இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். ஒப்புகை எண் இல்லாமல் எங்கிருந்தும் நகராதீர்கள்.

காலக்கெடு: விற்ற பொருளின் பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு. பேசிக்கொண்டே இருந்தால் இந்தக் கடிகாரம் நிற்காது. கெடு முடியும் முன் எதிராளி "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு கிடைக்கும்.

நிலத் தகராறு மட்டும் தனி

கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அதனால் பல குடும்பங்களுக்கு அனுபவம் பல தலைமுறை, காகிதம் நேற்றையது. எல்லைத் தகராறில் முதலில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் பாருங்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பாருங்கள். இரண்டு பட்டாதாரர்களுக்கு இடையே வரப்பு எங்கே என்பதைப் போனில் பேசி, சர்வேயரைக் கூட்டாகக் கூப்பிடலாம்.

வன நிலம் என்றால் இந்த முறை செல்லாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை கோருவது கிராம சபை வழியாகத்தான். அதன் முடிவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு மனு. அந்தச் சட்டத்தில் கிடைத்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. யாராவது வாட்ஸ்அப்பில் "எழுதிக் குடுத்துடறேன், பணம் போடுங்க" என்றால், போடாதீர்கள்.

பாதுகாப்பு: ஐந்து நிமிட வேலை

- அரசுப் புகார் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள்; ரிசர்வ் வங்கியின் தளம் மட்டும் 'ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்' என்று முடியும். கூகுளில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்ணை நம்பாதீர்கள். பில்லில் அச்சிட்ட எண்ணையே கூப்பிடுங்கள்.
- புகாரைத் தீர்க்கிறேன் என்று யாராவது ஏபிகே கோப்பு அனுப்பினாலோ திரையைப் பகிரச் சொன்னாலோ அழைப்பைத் துண்டியுங்கள்.
- பணம் வாங்க யுபிஐ பின் தேவையில்லை. பின் கேட்டால் உங்கள் பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.
- ஆதார் நகலைக் குழுவில் போடாதீர்கள். நடுவருக்கு அது தேவையே இல்லை.
- தகராறு முடிந்ததும் குழுவைக் கலைக்கும் முன் உரையாடலை ஏற்றுமதி செய்யுங்கள். கடைசித் தவணை வந்த படத்தையும் அதே ஃபோல்டரில் போட்ட பிறகு, பழைய போனைப் பெட்டியிலிருந்து எடுத்து விற்றுக்கொள்ளலாம்.